என் வீட்டுக்காரருக்குக் காது முளைத்த வருஷம்

பேர் சொல்ல மாட்டேன். சக்களத்தி பேரை எந்தப் பொம்பளையும் வாய் நிறையச் சொல்வதில்லை. ஜெர்மனியில் சர்ச்சில் ஆர்கன் வாசித்து, வீடு நிறையப் பிள்ளை பெற்று, வாரா வாரம் ஆராதனைக்குப் புதுப் பாட்டு எழுதிக் கொடுத்து, கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் செத்துப்போன மனிதர் என்றால் இசை படித்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். அவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் என் வீட்டுக்காரரை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு போனது அவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வாசிக்கிறேன். சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். என் வீட்டுக்காரர் மலை மேல் கரியாலூரில் ஸ்கூல் வாத்தியார், வரலாறு எடுக்கிறார். திங்கட்கிழமை விடியற்காலை மலைக்கு பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில், என் கீபோர்டுக்கு நேர் எதிரே உட்காருவார். பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. கை தட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தாளம் தப்பிவிடும். ஆராதனை முடிந்து வண்டியில் ஏறியதும், "சூப்பரா இருந்துச்சுமா" என்பார். கேவலமாக வாசித்த நாளிலும் சூப்பர்தான். ஊரில் நூறு பேர் சொல்லட்டும், எனக்கு அந்த ஒரு சூப்பர் போதும். அதற்காகத்தான் வாரம் முழுக்கப் பழகுவேன்.

இப்படி இருந்த மனிதரை வகுப்பில் சேர்த்துவிட்டது நானேதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. சென்னையில் ஒரு டீச்சர் ஆன்லைனில் சனிக்கிழமை காலையில் மேற்கத்திய இசை வரலாறு எடுத்தார். பரோக் காலம், அதற்குப் பிறகு வந்த கிளாசிக்கல் காலம், அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்பது என்று பாடம். நமக்கு வாசிக்கத்தான் தெரிகிறது, வாசிப்பதன் பூர்வீகம் தெரியவில்லையே என்று நான் சேர்ந்தேன். ஆனால் பாடம் முழுக்க ராஜாக்களும் பிரபுக்களும் சண்டைகளும். "வரலாறுதானே, தொணைக்கு உக்காருங்க" என்று அவரையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போனது. அரண்மனையில் சம்பளம் வாங்கிய இசைக்காரர்கள் எப்படி ஊர் ஜனம் டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரிக்கு வந்தார்கள் என்று அவர் விளக்கினார். பரோக் இசையில் பாஸ் என்கிற அடிக்குரல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும், கிளாசிக்கலில் பாட்டு நின்று மூச்சு விட்டு, கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் என்று நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். காபி ஆறுவது தெரியாமல் பேசினோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு ஃபியூக் வந்தது. ஒரு சின்ன மெட்டை ஒரு குரல் ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் அடுத்த குரல் அதே மெட்டோடு உள்ளே வரும், பிறகு அடுத்தது. உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார் டீச்சர். நான் பாடத்தில் இருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தேன். "குட்" என்றார். என் வீட்டுக்காரர் மைக்கைத் திறந்தார்.

"மேடம், திருநாவலூர்ல எங்க வூட்ல மருமகளுங்க நாலு பேரு. ஒரு வெசயத்த மூத்தவங்க எங்க அம்மாகிட்ட சொல்ல ஆரம்பிப்பாங்க. அவங்க முடிக்கறதுக்குள்ள அடுத்தவங்க அதையே வேற குரல்ல எடுப்பாங்க. கடைசியா வர்றவங்க சொல்றப்ப மத்த மூணு பேரும் நிறுத்தாம பேசிக்கினே இருப்பாங்க. ஆனா வெசயம் ஒண்ணுதான்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இனிமேல் எல்லா வகுப்பிலும் இந்த உதாரணத்தைத்தான் சொல்லப்போகிறேன் என்றார். அந்த நாலு மருமகள்களில் கடைசியாக வருகிறவள் நான்தான் என்பதை என் வீட்டுக்காரர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மதியம் சாம்பாரில் உப்பு கம்மி. வேண்டுமென்று செய்யவில்லை. செய்ததற்கு வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு மள மளவென்று காது முளைத்தது. காரணம் எனக்குத் தெரியும். மலை மேல் ஸ்கூல் விட்டதும் அவருக்கு வேலை கிடையாது, சத்தமும் கிடையாது. இங்கே எனக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் எதிர்வீட்டுக் கிரைண்டர், நடுவில் சரளி வரிசை மாதிரி ஒரே ஸ்கேலைத் தட்டும் பிள்ளைகள். மலையில் சிக்னல் சரியாக இருக்காதென்று இங்கிருந்தே பாட்டுகளை இறக்கிக்கொண்டு போவார். ஒரே பாட்டை வாரம் முழுக்கக் கேட்பார். வெள்ளிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நடுவுல வயலின் நிறுத்திட்டு ஓபோ கொழல் மட்டும் வருதே, கவனிச்சியா?" என்பார். நான் கவனித்திருக்க மாட்டேன். கவனித்தேன் என்பேன்.

ஒரு வாரம் கீ, அதாவது பாட்டு நிற்கிற சுருதி, பற்றிப் பாடம். பரோக் காலத்தில் ஒவ்வொரு கீக்கும் ஒரு குணம் உண்டென்று நம்பினார்களாம். டி மேஜர் என்றால் வெற்றி, ட்ரம்பெட், கொண்டாட்டம். மறுநாள் சர்ச்சிலிருந்து வரும்போது வண்டியில் கேட்டார். "இன்னிக்கு மூணாவது பாட்டு டி மேஜரா?" ஆமாம் என்றேன். "நெனச்சேன். ட்ரம்பெட் மாரி இருந்துச்சு." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கையில் எப்படி இருக்கும், வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். கட்டைகளின் மேல் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கறுப்புக் கட்டை வரும்னு டீச்சர் சொன்னாங்க. நீ கறுப்பத் தொடவே இல்லியே."

ட்ரான்ஸ்போஸ் பட்டனைக் காட்டினேன். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் நாம் வெள்ளைக் கட்டையில் சி மேஜர் வாசித்தாலும் மெஷினே சுருதியை ஏற்றியோ இறக்கியோ கொடுத்துவிடும். பாடுகிறவர் தொண்டைக்குத் தக்கபடி எண்ணை மாற்றினால் போதும், விரலுக்குப் புது வேலை இல்லை. இங்கிருந்து உளுந்தூர்பேட்டை வரை எந்த சர்ச்சில் எட்டிப் பார்த்தாலும் இப்படித்தான் வாசிக்கிறோம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இப்படித்தான் வாசித்தார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அவர் சிரித்தார். "அப்ப இத்தினி வருசமா ஒரே வூட்ல குடியிருந்துகினு, வாசல்ல நம்பர் மட்டும் மாத்தி மாத்தி ஒட்டிக்கினு இருந்தியா?"

கெட்ட எண்ணத்தில் சிரித்திருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். பிரியமாகத்தான் சிரித்தார். அதனால் எனக்குச் சண்டை போட இடமில்லாமல் போய்விட்டது. அவர் திங்கட்கிழமை மலை ஏறினதும் நான் பட்டனைத் தொடாமல் நிஜ டி மேஜர் பழக ஆரம்பித்தேன். இந்த வயதில் விரலுக்குப் புது வழி சொல்லித் தருவது லேசு இல்லை. கறுப்புக் கட்டையில் விரல் வழுக்கியது, மணிக்கட்டு வலித்தது. பல வாரம் பழகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே டி மேஜர் பாட்டை வீட்டில் ஒருமுறை பிழையில்லாமல் வாசித்துவிட்டு சர்ச்சுக்குப் போனேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார்.

அங்கேதான் என் விரல் என்னைக் கவிழ்த்தது. அந்தப் பாட்டுக்கு முன்னால் பட்டனை இரண்டு தட்டுத் தட்டி டி மேஜருக்கு ஏற்றுவது என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. தட்டிவிட்டேன். மேலே நிஜ டி மேஜரும் வாசித்தேன். இரண்டும் சேர்ந்து பாட்டு ஈ மேஜருக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. நடுவில் நிறுத்தவும் முடியாது. மேல் குரலான சோப்ரானோ பாடும் பெண்கள் உச்ச இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். ஒருவர் பாதியில் இருமி உட்கார்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்து, "இன்னைக்குப் பாட்டு பரலோகத்தத் தொட்டுச்சும்மா" என்று கை கூப்பினார். ஆளாளுக்கு வந்து பாராட்டினார்கள்.

வண்டி பஸ் ஸ்டாண்டு தாண்டினதும் என் வீட்டுக்காரர் சொன்னார். "காலைல வூட்ல வாசிச்சதுக்கு மேல ஏறிப் பூடுச்சு இல்ல? ஈ மேஜர்."

"பழக்கதோஷத்துல பட்டன அழுத்திட்டேங்க."

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரம் சூப்பர் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. வேண்டுமென்று சொல்லாமல் இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. காது வந்த மனிதர் கேட்காததைக் கேட்டதாக எப்படிச் சொல்வார்? ஊரே பாராட்டினாலும் ஒன்றும் தெரியாத அந்தப் பழைய ஆள்தான் எனக்கு வேண்டியிருந்தது. அவரைத் திரும்பக் கொடு என்று யாரிடம் போய்க் கேட்பது? சென்னை டீச்சரிடமா, ஜெர்மன்காரரிடமா?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்தது. பத்தாவது பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று அவர் சனிக்கிழமையும் கீழே இறங்கவில்லை. எங்கள் இசை வகுப்பின் கேட்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் ஒரு துண்டைப் போட்டு, எந்தக் காலம், என்ன வகை என்று எழுதச் சொல்வார்கள். "இங்க வந்து கேளு, சத்தமே இருக்காது" என்றார் போனில். மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வெள்ளிமலை தாண்டுகிறவரை, அங்கே போய் அவரைவிட ஒரு துண்டாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் மனசில் இருந்தது. வளைவில் குமட்டினபோதும் கிளாசிக்கல் சொனாட்டாவின் பகுதிகளை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தங்கியிருக்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு சின்ன ஸ்பீக்கர். மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரித்து உட்கார்ந்தோம். வெளியே மரவள்ளிக் கொல்லை. அருவிக்குப் போகும் வண்டிகள்கூட அந்த நேரத்தில் இல்லை. நிஜமாகவே சத்தம் இல்லை. அதற்கும் சேர்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஒண்ணு போடறேன். இன்னான்னு சொல்லு" என்றார்.

நாலு குரலில் ஒரு கோரஸ். முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நாங்கள் லெந்து காலத்தில் வருஷா வருஷம் பாடும் ஞானப்பாட்டின் மெட்டு. பழைய ஜெர்மன் மெட்டுதான் அது, மிஷனரிகளோடு கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. அதைத்தான் அந்த ஆர்கன்காரர் எடுத்து, அடியில் வேறு குரல்களை ஓடவிட்டிருந்தார்.

"இது நம்ம பாட்டுங்க. நான் வாசிக்கறது."

அவர் உதட்டில் விரலை வைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்து அப்படிச் செய்ததில்லை. மூன்றாவது வரியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. என் மெட்டு. வருஷா வருஷம் இவருக்கு எதிரே உட்கார்ந்து நான் வாசித்த மெட்டு. அதை எவனோ எங்கேயோ எழுதிவைத்ததைக் கேட்டு இவர் அழுகிறார். அந்த ஸ்பீக்கரைத் தூக்கி மரவள்ளிக் கொல்லையில் எறிந்துவிடலாமா என்று இருந்தது.

பாட்டு முடிந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நான் வாசிக்கறப்ப என்னிக்காவது இப்படி அழுதிருக்கீங்களா?"

"இல்லமா" என்றார். இந்த மனிதருக்குப் பூசி மெழுகத் தெரியாது. "நீ வாசிக்கறப்ப நான் எங்க பாட்டக் கேட்டேன்? ஒன் மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பேன்" என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாள். இத்தனை வருஷ வாசிப்பில் ஒரு சுரம்கூட அவர் காதில் விழவில்லை. அதற்குக் கோபப்படுவதா? இத்தனை வருஷமாக ஒரு மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்கு சந்தோஷப்படுவதா? நான் முடிவு பண்ணுவதற்குள் அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொருவாட்டி போடு. மூணாவது லைன்ல பாஸ் இறங்கற எடம் கேளு."

போட்டேன். அந்த அடிக்குரல் எந்த இடத்தில் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டைக் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தார். பாட்டு முடிகிறவரை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.