பட்டாம்பூச்சிக் கூடத்தில் அக்கா

அந்தத் தாவரவியல் தோட்டத்தில் பட்டாம்பூச்சிகளுக்கென்று வலைக்கூடம் திறந்திருந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கரமனையிலிருந்து என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போனாள். வழியில் இரண்டு முறை பஸ்ஸை உரசுவது போல் போய் விலகினாள். மழை பெய்து குண்டும் குழியுமான ரோடு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்குள் ஒரே புழுக்கம். உள்ளங்கை அகலத்தில் கறுப்பும் மஞ்சளுமாகத் தலைக்கு மேலே பறந்தன. அக்கா மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். நடைபாதை ஓரத்தில், அவளுடைய இடது பக்கம், ஒன்று சிறகை விரித்து ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தது. நான் "அக்கா!" என்று கத்துவதற்குள் மிதித்துவிட்டாள்.

எதிரே வந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து, "கண்ணு கண்டூடே சேச்சி?" என்று மலையாளத்தில் சீறினாள். கண் தெரியவில்லையா என்று கேட்கிறாள். அக்கா வெலவெலத்துப் போய், "எங்கே, எங்கே?" என்றாள். முகத்தை முழுக்கத் திருப்பிய பிறகுதான் காலடியில் கிடந்தது அவளுக்குத் தென்பட்டது.

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்கு இடப்புறம் கையை நீட்டி, "இது தெரியறதா?" என்றேன்.

"எது?"

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். அந்தப் பக்கம் புகை மாதிரி மறைக்கறது. தானா சரியாப் போயிடும்னு இருந்தேன்."

"இதை வெச்சுண்டா வண்டி ஓட்டறே? குழந்தையை வேற ஸ்கூலுக்குக் கூட்டிண்டு போறியே!"

"மெதுவாத்தான் போறேன். ஆத்துல சொல்லிடாதே, கேட்டியா. அவர் சாவியைப் பிடுங்கி வெச்சுப்பார்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அன்று மாலையே அத்திம்பேரிடம் சொல்லிவிட்டேன்.

கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான். விடாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மருந்து விட மட்டும் வேறு யாரையும் விடமாட்டாள். அடுத்த வீட்டிலிருக்கும் என்னைத் தன் பெண்ணை அனுப்பிக் கூப்பிடுவாள். நான் போகும்போது நாற்காலியில் தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்துக் காத்திருப்பாள். சொட்டு கன்னத்தில் வழியாமல் கண்ணுக்குள்ளேயே விழும்படி விட எனக்கு வெகு நாள் பிடித்தது.