மகள் சொன்ன பேஜாரு

கும்மிடிப்பூண்டியில் பஸ் பிந்தினாலும் பேஜாரு, கரண்ட் போனாலும் பேஜாரு. ஊரில் நாங்கள் ‘அலுப்பு’ என்பதைத்தான் இவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று அகதி முகாமுக்கு வந்த புதிதிலேயே முடிவுகட்டிவிட்டேன். கைக்குழந்தையாகப் படகில் கொண்டுவந்த என் மகள் தாரணி, வெளியில் இவர்களின் தமிழும் வீட்டில் எங்கள் யாழ்ப்பாணத் தமிழும் பேசி வளர்ந்தாள். பத்தாம் வகுப்பில் ஒருநாள் “பேஜாராக்கீதும்மா” என்று அவள் சுருண்டு படுத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு மாதக்கணக்கில் அதே சொல். தலை வாரமாட்டாள், சிநேகிதிகளோடு கதைக்கமாட்டாள், கேட்டால் எரிந்து விழுவாள். “சாப்பிடுறாள், பள்ளிக்கூடம் போறாள். பிறகென்ன வருத்தம்?” என்பார், கம்பனிகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகும் என் கணவர். குண்டுச் சத்தத்துக்குள் இவளைப் பெற்றவள் நான். சண்டையில்லாத ஊரில் ஒரு பிள்ளைக்கு மனம் நோக என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். அப்போது எங்கள் ஊரில் சமாதானப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது; எங்கள் நினைப்பெல்லாம் அங்கேயே இருந்தது.

கடைசியில் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் திருவள்ளூருக்கு மனநல டாக்டரிடம் போனோம். அங்கேயும் தாரணி அந்தப் பேஜாரையே சொன்னாள். நான் முந்திக்கொண்டு, “அது இங்கத்தைய ஆக்கள் எல்லாரும் சொல்லுறதுதானே டொக்டர்,” என்றேன்.

அவர் அவளைத்தான் பார்த்தார். “வீட்ல எப்படிப் பேசுவியோ, அப்படிச் சொல்லும்மா.”

நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஒண்டிலயும் மனம் ஒட்டுதில்லை. விடியிறதுக்கே பயமாக் கிடக்கு.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். “இதை ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்லை?”

“எங்கட தமிழில சொன்னா விசர் எண்டுவீங்கள்.”

உண்மைதான். மனம் சரியில்லாத எவரையும் பைத்தியமாக்கிவிடும் அந்த ஒரு சொல்தான் எங்களிடம் இருந்தது. அதற்குப் பயந்து, யாருமே பொருட்படுத்தாத சொல்லைப் பிள்ளை எடுத்திருக்கிறாள்.

இப்போது மருந்து எடுக்கிறாள், மாதாமாதம் டாக்டரோடு பேசுகிறாள். ஒருமுறை என் கணவரும் வேலைக்குப் போகாமல் வந்து, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் போன மாதம் திரும்பி வரும் பஸ்ஸில், பெரியபாளையத்தில் வேப்பிலையோடு ஏறிய பெண் ஒருத்தி எங்கள் பேச்சைக் கேட்டு, “நீங்க எந்த ஊரு? பேச்சு வேற மாறி கீதே,” என்றாள்.

நான் வாயெடுக்குமுன் தாரணி சொன்னாள்: “அம்மா சிலோன். நான் இந்த ஊருதான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருத்தியோடு பேசினாளே, தனக்கென்று ஓர் ஊரைச் சொன்னாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து, எங்கள் தமிழில், “பசிக்குதெணை அம்மா,” என்றாள்.