சதுர பட்டனும் என் வெற்றிகளும்

நான் உண்மையிலேயே நன்றாக ஆடினேனா? முப்பது வயதைத் தாண்டி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொல்வது நடனத்தையோ கோகோவையோ அல்ல, வீடியோ கேமை. ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் மாமாவின் கடையில் ஆடிய ஒரு சண்டை கேம். இதையெல்லாம் ஒரு கேள்வி என்று எழுதுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பலமுறை அப்படி நினைத்து, எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தார். இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள், தலையை ஆட்டாமல் ஒரே பக்கம் காற்றடிக்கும் ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான் கடை. அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடியதும் அவர் கடலூர் பக்கம் லாரிக்குப் போனார். அம்மா தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும். அம்மா வரும்வரை நான் மாமா கடையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுதுவதாகப் பேர்.

அந்தக் கேமின் சிடி பிரான்சிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு வீட்டுப் பையன் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். திரையில் வருவதெல்லாம் பிரெஞ்சு. கடைக்கு வருகிற யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. மாமாவுக்கும்தான் தெரியாது, ஆனால் தெரிந்ததுபோல் தலையாட்டுவார்.

சண்டை போடுவதற்கு ஒரு மலை மாதிரி மனிதன், ஒரு வாள்காரன், ஒரு மொட்டைச் சாமியார் என்று நிறைய ஆண்கள் இருந்தார்கள். பெண் ஒருத்திதான். அவளை யாரும் தானாக எடுக்க மாட்டார்கள். ஜெயித்தவன் நாற்காலியிலேயே இருக்கலாம், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது கடையின் சட்டம். அதன் மேல் பையன்களே சேர்த்துக்கொண்ட இன்னொரு சட்டமும் உண்டு. ரொம்பக் கேவலமாகத் தோற்றவன் அடுத்த முறை அந்தப் பெண்ணை எடுத்துத்தான் ஆட வேண்டும்.

“டேய், இவனுக்கு இனிமே பொம்பளதான்டா!”

“இன்னா மச்சான், பூ வாங்கியாரட்டா?”

தண்டனை பெற்றவன் காது சிவக்க உட்கார்ந்து, கையில் கிடைத்த பட்டன்களைத் தட்டிவிட்டு, சீக்கிரமே தோற்று எழுந்துகொள்வான். அவளால் என்ன முடியும் என்று பார்க்கிற பொறுமை ஒருவனுக்கும் இல்லை. நான் ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழை நாளில் கடையில் ஒரே ஒரு பையன். ஜோடி இல்லாமல் ஆட முடியாது. “மாமா, உங்க அக்கா பொண்ண ஒக்கார வைங்களேன், சும்மா கைக்கு” என்றான். நான் உட்கார்ந்ததும் என்னைக் கேட்காமலே பெண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு அது தண்டனையாகவே தோன்றவில்லை. அவளைப்போல வேகமாக அங்கே யாருமில்லை. பின்வாங்கி, எதிராளி கையை ஓங்கும்வரை காத்திருந்து, அந்த நொடியில் எகிறி உதைத்தால் மலை மனிதனே சாய்ந்துவிடுவான். அன்று அந்தப் பையனின் ஆள் எழுந்திருக்கவே முடியாதபடி அடித்தேன்.

அடுத்த வாரம் முழுக்க எனக்கு நாற்காலி கிடைத்தது. வந்தவர்களையெல்லாம் எழுப்பி அனுப்பினேன். வகுப்பில் என்னை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கணக்கில் சுமார், ஓட்டத்தில் கடைசி. அந்த நாற்காலியில் மட்டும் நான் வேறு யாரோ. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதுதான்.

பையன்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவன் கையிலிருந்த கேம் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மாமாவிடம் கத்தினான்: “சின்னப் பொண்ணுகிட்ட தோத்தேன்னு தெரிஞ்சா தெருவுல நடக்க முடியாது மாமா. இவ ஒக்காந்தா நாங்க வர மாட்டோம்.” சொன்னபடியே வைத்திக்குப்பம் பக்கம் புதிதாக வந்த வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மாமா என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, ஆடனது போதும். இனிமே பாடத்த எழுது” என்றார். நான் சிலேட்டு நிறத்துப் பினாஃபோரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவர் இரக்கமானவர். யாராவது அழுதால் தாங்க மாட்டார்.

ஆகவே வழி கண்டுபிடித்தார். ஒரு மாலை நான் போனபோது அவர் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாப்பா, இங்க வா. அவள எடுக்கறப்போ எப்பவும் அமுக்கற பட்டன அமுக்காத. இந்தச் சதுரத்த அமுக்கு.”

அமுக்கினேன். நீளக் கால்சட்டையும் கனமான மேலங்கியும் போட்டிருந்தவள் சட்டென்று சிவப்பில் ஒரு துண்டு உடைக்கு மாறினாள். அடியில் பிரெஞ்சில் மூன்று வார்த்தைகள் வந்தன.

“இன்னா மாமா போட்டிருக்கு?”

“பவரு ஜாஸ்தின்னு போட்டிருக்கு. துணி கொறஞ்சா வெயிட்டு கொறயும் இல்ல? நல்லா எகிறுவா.”

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. விளையாட்டு விழாவில் நாங்களும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தானே ஓடுவோம்.

போன பையன்கள் திரும்பி வந்தார்கள். அவர்களோடு அண்ணன்மார்களும் வந்தார்கள், காலேஜ் போகிறவர்கள், மீசை முளைத்தவர்கள். என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க இடமில்லை. “தங்கச்சி, செகப்பு! செகப்பு போடு!” என்பார்கள். “டேய் குனிடா, மறைக்குது” என்று சண்டை நடக்கும். நான் ஜெயித்தால் விசில் பறக்கும். முன்பு என்னிடம் தோற்று ரிமோட்டை எறிந்த அதே பையன் இப்போது தோற்றுவிட்டுச் சிரித்தான்.

ஒன்றை அப்போதே கவனித்தேன். ஒவ்வொரு சண்டை முடிவிலும் திரையில் ஜெயித்தவரைச் சுற்றிக் காமிரா மெதுவாக ஒரு வட்டம் வரும், காலிலிருந்து தலைவரை. வாள்காரனோ சாமியாரோ ஜெயித்தால் “சீக்கிரம் தட்டுடா, அடுத்தது” என்று பட்டனைத் தட்டி அதைத் தாண்டிவிடுவார்கள். நான் ஜெயித்தால் மட்டும் ஒருவரும் தட்ட மாட்டார்கள். வட்டம் முழுதாக முடியும்வரை எல்லோரும் அமைதியாகக் காத்திருப்பார்கள். அது என் வெற்றிக்குத் தருகிற மரியாதை என்று நினைத்தேன்.

ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்தவள் முதலில் அந்த முதுகுகளைத்தான் பார்த்திருப்பாள். அடுத்தது திரையை. அப்புறம்தான் நடுவில் பள்ளி உடையோடு உட்கார்ந்திருந்த என்னை. நான் அப்போதுதான் ஜெயித்திருந்தேன். திரும்பி, “அம்மா, பாத்தியா?” என்றேன்.

கன்னத்தில் அடி விழுந்தது. எல்லோரும் வழிவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது அம்மா மாமாவைப் பார்த்து, “உனுக்குப் புத்தி எங்கடா போச்சு?” என்றாள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“அய்ய, பொம்மதானக்கா? அவளுக்கு இன்னா தெரியும்?” என்றார் மாமா.

வீட்டில் நான் தேம்பித் தேம்பிச் சொன்னேன்: “நான்தாம்மா எல்லாரையும் ஜெயிச்சேன்.” அம்மா சொன்னாள்: “வாய மூடு. இனிமே ஜெயிச்சேன் கிய்ச்சேன்ன, கால ஒடச்சிடுவேன்.” அடுத்த நாளிலிருந்து நான் எதிர்வீட்டு டீச்சரக்காவிடம் இருந்தேன். மாமா கடை நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்; அம்மா அவர் தட்டில் பார்த்துப் பார்த்துக் கறி வைத்தாள். பெண்பிள்ளை ஜெயித்தால் அடி விழும் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. பல வருடம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் ப்ளஸ் ஒன்னில் புரிந்தது. மார்க் நிறைய வரும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் எடுப்பதுபோல் நானும் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். உடைகள் பற்றிய பாடம். மிஸ் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, நாங்கள் படத்தைப் பார்த்து விரல் வைக்க வேண்டும். சட்டை, பாவாடை, கோட்டு. பிறகு, மாயோ த பேன். தினமும் பார்த்து எழுத்தெழுத்தாக மனதில் பதிந்துபோயிருந்த அதே மூன்று வார்த்தைகள். மேலே ஒரு நீச்சல் உடையின் படம் இருந்தது. நான் விரலை எடுக்கவே இல்லை. அடுத்த சொல்லுக்கு வகுப்பே போய்விட்டது, மிஸ் என் பெயரைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்தச் சந்தேகம். அவர்கள் எத்தனை பேர் வேண்டுமென்றே தோற்றார்கள்? காமிரா சுற்ற வேண்டும் என்றால் நான் ஜெயித்தாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் மாமாவிடம் வேடிக்கையாகக் கேட்பதுபோல் கேட்டேன். “போ பாப்பா, நீ சூப்பரா ஆடுவ” என்றார். பவர் ஜாஸ்தி என்று சொன்ன அதே முகம்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. மாடி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வீடியோ கேம் ஆடக் கூப்பிட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். “ஆன்ட்டி, அவள அனுப்புங்க. அவ இல்லன்னா எங்க டீம் காலி.” அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுகிறாள். போன வாரம் பிஸ்கட் கொடுக்கிற சாக்கில் போய்ப் பின்னால் நின்றேன். பையன்களுடைய வீரர்களுக்குக் கழுத்துவரை கவசம். அவளுடைய வீராங்கனைக்குத் துப்பாக்கி இருந்தது, இடுப்பில் துணி இல்லை. என் மகள் எதிரி எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். அவள் கெட்டிக்காரியாகவே இருக்கலாம். என் கணவர், “எல்லாத்துலயும் எதுக்கு இப்படி நோண்டற?” என்கிறார். அதுவும் சரியாக இருக்கலாம்.

போகாதே என்று தடுத்தால், ஜெயித்ததற்காகத் தடுக்கிறேன் என்று அவள் நினைப்பாள். அந்த உடையைக் காட்டி விளக்கினால், அவள் இனி எதிரியைப் பார்க்க மாட்டாள்; தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். நான் இன்றும் அப்படித்தான், எந்த இடத்தில் உட்கார்ந்தாலும். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலோ, ஒருநாள் ஏதாவது ஒரு வகுப்பறையில் அவளாகத் தெரிந்துகொள்வாள்.

மூன்றில் எதைச் செய்தாலும் அவளிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறேன் என்று தோன்றுகிறது. நீங்கள் பெண் குழந்தையை வளர்த்தவர் என்றால், அல்லது ஒரு காலத்தில் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால், எனக்குச் சொல்லுங்கள். எட்டு வயதில் ஒரு பிள்ளையிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?