சொல்வதற்கு ஒரு பாவம்

என் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று வாரம் இருந்தது. சுவாமியாரிடம் போய்ச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பாவமும் இல்லை. எட்டு வயதில் எனக்கு இருந்த பெரிய கவலை அதுதான்.

உபதேசியார் எங்களைக் கோயில் வாசலில் உட்கார வைத்துப் பாவங்களை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். கொலை, களவு போன்றவை சாவான பாவம். பொய், கோள், தீனி ஆசை எல்லாம் அற்பப் பாவம். என்னோடு படித்த பிள்ளைகள் தாராளமாகவே வைத்திருந்தார்கள். ஒருத்தி தன் தம்பியைக் கையில் கடித்திருந்தாள். இன்னொருத்தி ஒறுத்தல் இருக்க வேண்டிய தபசு காலம் முழுவதும் அடுக்குப் பானையிலிருந்து கருப்பட்டி எடுத்துத் தின்றிருந்தாள். நான் அம்மாவுக்குப் பயந்த பிள்ளை. இருட்டுக்குப் பயந்ததையும், செபமாலை நடுவில் தூங்கி விழுந்ததையும் தவிர என் கணக்கில் எதுவும் இல்லை. இரண்டும் பாவத்தில் சேராது என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, தென்கால் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. நாற்பது வீடு, ஓலைக்கூரை போட்ட ஒரு கோயில். சுவாமியார் நாலைந்து ஊர்களுக்குச் சேர்த்து ஒருவரே என்பதால், சேசுநாதர் உயிர்த்த பாஸ்குத் திருநாளைப் பெரிய ஊரில் முடித்துவிட்டு, அடுத்த வாரம்தான் எங்களிடம் வருவார். மூன்று நாள் தங்கி எல்லாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊரே நன்மை என்கிற திருவப்பம் வாங்கும். வருஷத்தில் ஒரு முறையாவது அப்படிச் செய்யாதவன் கிறிஸ்தவன் இல்லை.

என் அப்பா இரண்டு வருஷமாகச் செய்யவில்லை. பெரியப்பாவும் செய்யவில்லை. காரணம், அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

சண்டை வந்தது நிலத்தாலும் இல்லை, தண்ணீராலும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று மரித்த சேசுநாதரின் சுரூபத்தைத் தூம்பா என்கிற மரப்பாடையில் கிடத்தி ஊரைச் சுற்றி எடுத்துப் போவோம். எட்டுப் பேர் தோள் கொடுப்பார்கள். முன்பக்கத்து வலக்கொம்பு எங்கள் தாத்தாவுக்கு உரியது. அவர் காலமானதும் மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா அந்த இடத்தில் நின்றார். பெரியப்பா குட்டை. இடக்கொம்பில் நின்றவரோ பனை மாதிரி இருந்தார். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது தூம்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுரூபம் ஒரு சாண் வழுகிவிட்டது. பெண்கள் அலறினார்கள். பின்னால் தோள் கொடுத்திருந்த அப்பா, அந்தத் துக்க நாளில், ஊர் முழுவதும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னார்:

"நாழி அளவு இருந்துக்கிட்டு முன்கொம்பு கேக்குதோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த முற்றத்தின் குறுக்கே ஓலைத் தட்டி வந்துவிட்டது. தட்டியின் மூலையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியே அம்மாவும் பெரியம்மாவும் குழம்பு மாற்றிக்கொண்டார்கள். நானும் நினைத்தபோதெல்லாம் போய் வந்தேன். அண்ணனும் தம்பியும் மட்டும் ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் உள்ளே போய்விடுவார்.

சகோதரனோடு பகை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது. இரண்டு வருஷமும் சுவாமியார், "முதலில் போய்ச் சமாதானம் ஆகுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சுவாமியார் சொன்னது யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதும் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதி ஓரத்தில் முழங்காலில் இருக்க, இவர்கள் இருவரும் கடைசியில், ஆளுக்கொரு மூலையில் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அம்மா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த வருஷத் தபசு காலத்தில் பக்கத்து ஊரில் ஒருவர் செத்துப்போனார். பல வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவர். அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. கள்ளிவேலிக்கு வெளியே, மாடு மேயும் இடத்தில் குழி வெட்டினார்கள். மணி அடிக்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை. அம்மாவோடு துக்கத்துக்குப் போயிருந்த நான் வேலிக்கு உள்ளே நின்று அதைப் பார்த்தேன். அவருடைய மகள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். குழிக்கு மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, அது சரியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அப்பா இருமினால்கூட எனக்குப் பயமாக இருந்தது.

பாஸ்கு வந்து போனது. அடுத்த வியாழக்கிழமை சுவாமியார் வில்வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர். நெஞ்சு வரைக்கும் தாடி. தமிழைப் புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்களுக்கு, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு என்று உபதேசியார் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் சொல்லும்போது அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பொய் அற்பப் பாவம்தான் என்று உபதேசியாரே சொல்லியிருந்தார். அப்பா கள்ளிவேலிக்கு வெளியே போவது எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. தவிர, நாளைக் காலையில் சொல்ல எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

தட்டியின் இடைவெளி வழியாகப் போனேன். பெரியப்பா வாழைக்கு முட்டுக் கொடுக்கக் கம்பு சீவிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, எங்கப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ."

அவர் தலையைத் தூக்காமல், "என்ன சொன்னான்?" என்றார்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். பெரியவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. என்ன வார்த்தை சொல்வார்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மன்னிப்பு எல்லாம் உபதேசியார் மனப்பாடம் செய்ய வைத்த மந்திரத்தில் இருந்ததுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

"சிந்தனையாலயும் வாக்காலயும் கிரியையாலயும் அண்ணனுக்கு விரோதமாப் பாவம் செய்தேன், என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமேன்னு சொல்லச் சொன்னாவ."

பழக்கத்தில் மூன்று முறை மார்பிலும் தட்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது பெரியப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் சொன்னானா?"

"ஆமா."

"இப்படியே சொன்னானா?"

"இப்படியேதான் சொன்னாவ."

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. கோபம்தான் என்று நினைத்தேன். ஆனால் பாதியில் விடுவதற்கில்லை. அப்பா தொழுவத்தில் இருந்தார். அங்கே ஓடினேன்.

அப்பாவுக்கு, செய்த பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒன்றையே இரண்டு பேரும் சொன்னதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றுகிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

"பெரியப்பா ரொம்ப மனஸ்தாபப்படுதாவளாம். இனிமே ஒருக்காலும் இப்படிச் செய்யுறதில்லைன்னு கெட்டியான மனசோட பிரதிக்கினை செய்யுதாவளாம்."

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அப்பா அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சரிட்டி, நீ போ" என்றார்.

சாயங்காலம் கோயில் மணி அடித்தது. நான் அடுப்படிச் சன்னல் வழியாக முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தட்டியின் இடைவெளி பக்கத்தில் வந்ததும் நின்றார். தெருவுக்குப் போகும் வழி அது இல்லை. அப்பா இந்தப் பக்கம் வாசலில் நின்றார். இருவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள்.

"கோயிலுக்கா?" என்றார் அப்பா.

"ஆமாலே. நீ வரலியா?"

"வாரேன், அண்ணே."

அவ்வளவுதான். ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து போனார்கள். வாய்க்கால் திருப்பத்தில் பார்க்கும்போது பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுப்பங்கரையில் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தீய்ந்துகொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தாள்.

மறுநாள் காலையில் சுவாமியார் முன்னால் முழங்காலில் இருந்தேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. என் ஒரே பாவத்தைச் சொன்னேன்.

"என்ன பொய், மகளே?" என்றார்.

சொன்னேன். எந்த வார்த்தைகளைச் சொன்னாய் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் தாடியை நீவுவது தெரிந்தது. பெரிய பாவமாகிவிட்டதோ என்று பயந்தேன்.

"சாமி, நான் போயி ரெண்டு பேர்கிட்டயும் உண்மையைச் சொல்லிரட்டா?"

"அவர்கள் உன்னிடம் கேட்டால் உண்மையைச் சொல். கேட்கும் வரையில் பேசாமல் இரு" என்றார் சுவாமியார். மூன்று முறை அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லும்படி அபராதம் விதித்தார். பிறகு, "இனிமேல் பொய் சொல்லாதே, மகளே. இது ஒன்று போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பாவும் பெரியப்பாவும் கிராதி ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்கள். முழங்காலில் இருக்கும்போது இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். அம்மா அன்றைக்கு முந்தானையை முகத்துக்கு இழுத்துவிடவில்லை. நான் சேசுநாதருக்கு நன்றி சொன்னேன். நன்றி சொல்ல வேண்டிய இன்னும் இரண்டு பேர் என் கண் முன்னாலேயே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்து வந்ததும் அப்பா ஓலைத் தட்டியைப் பிரித்தார். பெரியப்பா கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்தார். அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை பெரியப்பா ஒரு துப்பட்டியை நாலாக மடித்துத் தோளில் வைத்து உயரத்தைச் சரிக்கட்டிக்கொண்டு அதே முன்கொம்பில் நின்றார். மடித்துக் கொடுத்தவர் அப்பா.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் நான் அங்கேயே சுற்றிக்கொண்டு காது கொடுப்பேன். "அன்னைக்கு நீ சொல்லி அனுப்பினியே" என்று ஒருவர் தொடங்கினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்டால் சொல்ல வேண்டிய உண்மையை வரிவரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. நான் பெரியவளாகி, வண்ணார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போகும் வரையில் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஆண்கள் இரண்டு பேரை எட்டு வயதில் ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குள் கொஞ்சம் வெட்கமும், மறைக்காமல் சொன்னால் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தலைப்பிரசவத்துக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது பெரியப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா என் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனது கேட்காமல் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெரியம்மா பிள்ளையின் காலை நீவிக்கொண்டே சிரித்தாள்.

"ஏளா, அது எங்களுக்குத் தெரியாதா? நீ சொல்லிட்டுப் போனதும் உங்க பெரியப்பா உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சாவ பாரு, கண்ணுல தண்ணி வார மட்டும் சிரிச்சாவ. 'எந்தம்பி வாயில இந்த மந்திரமெல்லாம் வருமா? பிள்ளை தானாக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. இந்நேரம் அங்கன போயி அவன்கிட்டயும் ஒண்ணு சொல்லியிருப்பா'ன்னாவ. சாயங்காலம் மணி அடிச்சதும் துண்டைத் தேடினாவ. 'பிள்ளை சொன்னது பொய்யின்னு தெரியுதுல்லா, பொறவு எங்க கிளம்புதிய?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"'நான் போகலேன்னால்லா அது பொய்யாப் போகும்'னு சொல்லிட்டு, பைய இறங்கிப் போனாவ."