சலவைக்கடைக்காரி வாயை மூடிய வாரம்

சலவைக்கடைக்காரிக்குத் தெருவில் பட்டாசு என்று பெயர். பொய்யில்லை. காலையில் கடையின் இரும்புக் கதவைத் தூக்கும்போதே வாயும் திறந்துவிடும். குழாயை ஒழுங்காக மூடாத புருஷன், பையில் பேனாவை விட்டபடியே சட்டையை வெளுக்கப் போடும் மகராசன்கள், எல்லோருக்கும் காலை அர்ச்சனை உண்டு. அதை முடித்துவிட்டுத்தான் நாய்க்குச் சோறு வைப்பாள். துணி கொடுக்க வெளியே கிளம்பும்போது நாய்க்கும் தனியாக ஒரு பங்கு. “சனியனே, வாசலைத் தாண்டினே, காலை ஒடிச்சிருவேன். இங்கயே கிட.” சனியன் என்பதே அதன் பெயராகிவிட்டது. வாலை ஆட்டிவிட்டு, இஸ்திரி மேசைக்கு அடியில் சுருண்டு, அவள் திரும்பும்வரை தூங்கும்.

முன்பு அதை வளர்த்தவர்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள். ஒருநாள் சாமானை ஏற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிட்டுப் போனார்கள். மனிதர்களா அவர்கள்? பூட்டிய கதவின் முன் நடுங்கிக் கிடந்ததை இவள்தான் திட்டிக்கொண்டே தூக்கி வந்தாள்.

நாய்க்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் புருஷன் சும்மா இருந்திருக்கலாம். “இவ ஓயாம கத்துறா டாக்டர், நாய்க்கு ஆகுமா?” என்று கேட்டார்.

“நாய்க்குத் தினமும் எல்லாம் ஒரே மாதிரி நடக்கணும். அடுத்தது என்னன்னு தெரிஞ்சா அது பயப்படாது. சாப்பாடு, நடை, நீங்க வெளிய போறது எல்லாம் வழக்கப்படி இருக்கட்டும். சத்தத்தையும் கொஞ்சம் குறைச்சுக்குங்க,” என்றார் டாக்டர்.

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. கடைசி வாக்கியத்தை மட்டும் புருஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் இருந்த வீட்டுக்காரர் காதிலும் அது தேனாகப் பாய்ந்தது. நாய்மேல் அவர்களுக்கு என்ன அக்கறை? அவள் வாயை அடைக்க நாய் ஒரு சாக்கு.

நாய்க்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். கதவை மெல்லத் தூக்கினாள். சோற்றைப் பேசாமல் வைத்தாள். சனியன் தட்டைப் பார்க்கும், அவள் முகத்தைப் பார்க்கும், சாப்பிடாது. துணி மூட்டையோடு அவள் ஓசைப்படாமல் வெளியேறினால் தெருவே கேட்க ஊளையிட்டது. கதவைப் பிறாண்டி நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

“இத்தனை நாள் நீ கத்தினதுதான் இப்ப வேலையைக் காட்டுது,” என்றார் புருஷன். அவளுக்கு நாக்கு நுனிவரை திட்டு வந்தது. அதையும் விழுங்கினாள்.

வாரக் கடைசியில் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். “இனிமே ஊளை கேட்டா, நாயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.”

“கவலைப்படாதீங்க சார். மதியம் வண்டியில லோடு கொண்டுபோறேன். அப்படியே தூரமா எங்கயாவது விட்டுட்டு வந்துடறேன்,” என்று புருஷன் கயிற்றை எடுத்தார்.

“யோவ்! கயித்தைக் கீழ போடுய்யா! ஒருதடவை விட்டுட்டுப் போனது போதாதா அதுக்கு? குழாயை மூடத் துப்பில்ல, நாயைக் கொண்டுபோய் விட வந்துட்டாரு! சார், நீங்க எதுக்கு நிக்கறீங்க? மாடிப்படியில லைட்டு எரிஞ்சு எத்தனை மாசமாச்சு?” வாரம் முழுவதும் அடக்கியது வட்டியோடு வந்தது.

சனியன் எழுந்து தட்டுக்குப் போனது. காலையில் வைத்த சோற்றை நக்கித் துடைத்தது.

அவள் பேச்சு பாதியில் நின்றது. முன்பு விட்டுப் போனவர்களும் சத்தமில்லாமல்தான் போனார்கள். இந்த வாரம் முழுவதும் அவளும் அப்படித்தான் போயிருக்கிறாள். தினமும் அது தன்னை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறது. இவர்கள் பேச்சைக் கேட்ட தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மூட்டையைத் தோளில் ஏற்றினாள். “சனியனே, நகர்ந்தே, தோலை உரிச்சிருவேன். கிட!” என்று கத்திவிட்டுத் தெருமுனைவரை போய் நின்றாள். ஊளை வரவில்லை. அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

“ஒண்ணு என் சத்தம், இல்லன்னா அதோட ஊளை. எது வேணும்னு இப்பவே சொல்லுங்க.”

வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாய் கண்ணை மூடியிருந்தது. “நீயே கத்தும்மா,” என்றார்.

“இதைச் சொல்ல ஒரு வாரமா உங்களுக்கு?” என்று அவள் அங்கிருந்தே ஆரம்பித்தாள்.