மார்பு வைத்த பொம்மை

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, பொம்மையின் மார்புக்குப் பஞ்சு திணித்துக்கொண்டிருக்கிறாள் ஜெயகுமாரி. பசுந்தாங்குப் பேட்டையில் ரவிக்கை தைப்பவள். கோபம் இருந்தால் தையல் நேராக விழும் என்பது அவள் கட்சி. அக்கா போனதிலிருந்து அவள் கையில் ஒரு தையல்கூடக் கோணியதில்லை.

பொம்மை முதலுதவி வகுப்புக்கானது. வந்தபோது அதற்கு ஆண் உடம்பு. "உலகத்துல ஆம்பளைக்கு மட்டுந்தான் நெஞ்சடைக்குதாக்கும்" என்று பஞ்சை இன்னும் அழுத்திக் குத்துகிறாள்.

அக்கா தனபாக்கியம் சந்தையில் மீன் வாங்கும்போது சுருண்டு விழுந்தாள். சனம் சும்மா நிற்கவில்லை. ஒருத்தி முகர்கிற பர்மிய மருந்தான ஷூசேக் குப்பியை மூக்கில் வைத்தாள். இன்னொருத்தி உள்ளங்காலில் தைலம் தேய்த்தாள். கோயில் கமிட்டித் தலைவர் சபாபதி பெண்களை அழைத்து, லுங்கித் துணிகளைப் பிடித்து அக்காவைச் சுற்றி மறைப்புக் கட்டச் சொன்னார். நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஆண்கள், மறைப்புக்கு வெளியே மரியாதையாக முதுகைக் காட்டி நின்றார்கள். பாழாய்ப்போன மரியாதை! தர்ம ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் உடைகூடக் கலையவில்லை என்று சந்தையில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

தெருவில் விழும் பெண்ணின் நெஞ்சில் கை வைக்க வெளிநாட்டிலும் தயங்குகிறார்களாம், ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களாம், பயிற்சிப் பொம்மைகளுக்கும் பெரும்பாலும் மார்பு கிடையாதாம். வகுப்பெடுக்கும் டாக்டர் நாஜியா சொன்னாள்.

"படிச்ச ஊர்லயும் இதே லட்சணந்தானா, சயாமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்ட ஜெயகுமாரி, அன்றே பொம்மையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

மறுவாரம் கோயில் மண்டபத்தில் வகுப்பு. பொம்மையைப் பார்த்ததும் சபாபதிக்கு முகம் சுண்டிவிட்டது. தோள் துண்டை உருவி அதன்மேல் போர்த்தினார்.

"மூடி வெச்சுச் சொல்லிக் குடுக்கச் சொல்லும்மா. இல்லாட்டி மண்டபம் கெடையாது."

"நாளைக்கு இன்னொருத்தி விழுந்தா, அவளையும் மூடித்தான் வெப்பீங்களா, அண்ணே?"

"ஒங்கக்காவுக்கு மறைப்புக் கட்டச் சொன்னதே நாந்தான். ஒருத்தன் கண்ணு படலையே."

நல்ல மனிதர்தான். மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் கேட்கிறவர்களுக்கு வயிறு எரிகிறது.

"கண்ணு படல," என்றாள் ஜெயகுமாரி. "கையும் படல."

துண்டை எடுத்தாள். நாலாக மடித்து, முட்டி போட வசதியாகப் பொம்மையின் பக்கத்தில் தரையில் போட்டாள். பிறகு சபாபதியின் மணிக்கட்டைப் பிடித்து துண்டின்மேல் மண்டியிட வைத்து, அவர் உள்ளங்கையைப் பொம்மையின் இரு மார்புகளுக்கும் நடுவே பதித்து, தன் கையையும் மேலே வைத்து அமுக்கத் தொடங்கினாள்.