புரோகிராமை நான் பூட்டிய வாரம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை பத்தாங் காலி கம்ப்யூட்டர் வகுப்பில் மூன்று பேர் இருந்தோம்: நான், கலும்பாங்கிலிருந்து வரும் என் நண்பன், மணிக்கு மூன்று மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் சீனர். ரப்பர் தோட்டப் பள்ளி டீச்சர் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சடித்த தமிழ் மாதிரித் தேர்வுத்தாள் திங்கட்கிழமை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையால் எழுதிய தாளைப் பார்த்தே பழகிய பிள்ளைகள், உண்மைத் தேர்வில் அச்செழுத்தைக் கண்டு திணறுகிறார்களாம்.

கம்ப்யூட்டரில் அப்போது தமிழ் எழுத்து கிடையாது; அதை அச்சிட நானும் நண்பனும் ஓராண்டாக ஒரு புரோகிராம் எழுதிவந்தோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வோர் எழுத்தையும் அவன் புள்ளி புள்ளியாக வரைவான். நான் அவற்றை எண்களாக்கித் தட்டுவேன். அன்று தேர்வுத்தாளின் முதல் பக்கம் நன்றாக வந்தது. இரண்டாம் பக்கம் தொடங்கியதும் புரோகிராம் நின்றுவிட்டது.

"எந்த வரில நிக்குதுன்னு தெறந்து பாருடா," என்றான் நண்பன்.

"முடியாது. பூட்டிட்டேன்."

"யாருக்குடா பூட்டின? இத எழுதுறதே நாம ரெண்டு பேருதான்."

காரணம் எனக்குத்தான் தெரியும். ஒரு மாதத்துக்கு முன், என்னைக் கேட்காமல் அவன் ஒரு பிரதியைக் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபிஸ் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் தன் ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கொடுத்திருந்தான். அங்கே ஆபிஸ் கம்ப்யூட்டரில் அச்சான கோயில் அறிவிப்பு ஒன்று என் கைக்கு வந்தபோது, தாளின் தலையில் வரும்படி நான் எழுதியிருந்த என் பெயர் அதில் இல்லை. அப்பா சம்பளத்துக்குக் கைரேகை வைப்பவர். எங்கள் வீட்டில் அச்சேறிய முதல் பெயர் என்னுடையது. பரீட்சையில் விடைத்தாளைக் கையால் மறைத்து எழுதியே மேலே வந்தவன் நான். டிஸ்க்கில் பதியும்போது கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் புரோகிராம் ஓடும், ஆனால் யாரும் படிக்க முடியாது என்று கையேட்டில் இருந்தது. பழைய பிரதியின் மேலேயே அப்படிப் பதிந்தேன். பூட்டியவனாலும் திறக்க முடியாது என்ற வரியை நான் படிக்கவில்லை.

"ஒனக்கு ஒரு மெடல் குத்தணும் லா," என்றான் நண்பன். பூட்டாத பிரதி ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அவன் அண்ணனிடம்.

சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறித் தோட்ட ஆபிசுக்குப் போனோம். பெயரை ஏன் எடுத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

கிராணி சிரித்துவிட்டார். "ஒவ்வொரு தாளு தலையிலயும் ஓம்பேரு வருது தம்பி. லயத்து வீடுகள்ல எல்லாரும் நீதான் புது கோயில் தலைவருன்னு நெனைச்சிட்டாங்க. பழைய தலைவரு எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு."

நண்பன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

"ரெண்டாம் பக்கம் நிக்குதுண்ணே," என்றேன்.

"எனக்கும் நின்னுச்சு. எந்த வரின்னு குறிச்சு வச்சிருக்கேன், சரி பண்ணத் தெரியல. பண்ணிட்டா எனக்கும் ஒன்னு குடுங்க." டிஸ்க்கோடு அந்தத் துண்டுத் தாளையும் தந்தார்.

அந்தப் பிரதியில் கடைசி ஒரு மாத வேலை இல்லை. ஞாயிறு முழுவதும் நண்பன் நோட்டைப் பார்த்து எண்களைச் சொல்ல, நான் மறுபடி தட்டினேன். கிராணி குறித்த வரியைத் திருத்தினோம். என் பெயரை அச்சில் வராத குறிப்பு வரிக்கு மாற்றி, அதன் கீழே நண்பன், கிராணி இருவர் பெயரையும், யார் எதைச் செய்தார் என்பதையும் எழுதினேன். பூட்டாமல் பதிந்து, கிராணிக்கும் ஒரு பிரதி எடுத்தோம். தேர்வுத்தாளின் இரண்டு பக்கங்களும் வந்தன. திங்கள் காலை டீச்சர் வாங்கிக்கொண்டு போனார்.

இருவருக்கும் போக வர பஸ் ஒன்பது வெள்ளி, ஞாயிறு ஒன்பது மணி நேர வாடகை இருபத்தேழு. முழுவதையும் நானே தருகிறேன் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்குப் பதினெட்டு வெள்ளி.